மாதம் 500 ரூபாய்: சென்னையில் வாசிக்க எந்த வழி?

அண்ணன் மகள் திருநெல்வேலியிலிருந்து வேலை கிடைத்து வந்து, திருவான்மியூரில் ஒரு மகளிர் விடுதியில் தங்கியிருக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்தவள், சாப்பிட்ட கை காயுமுன் கேட்டாள். “அத்தை, மாசம் ஐந்நூறு ரூவா புஸ்தகத்துக்குன்னு எடுத்து வைக்கலாம்னு இருக்கேன். கிண்டில் வாங்கட்டா, புஸ்தகமாவே வாங்கட்டா? ரூம்ல இருக்கிறது ஒரே அலமாரி. அதுலயும் பாதி கூட இருக்கிற பிள்ளைக்கு.”

பள்ளி நாட்களில் கோடை விடுமுறைக்கு இங்கே வந்தால் என் அலமாரி முழுவதையும் படித்துவிட்டு ஊர் திரும்புகிறவள். வேலைக்கு வந்த இந்த மூன்று ஆண்டில் முழுதாக முடித்தது இரண்டே புத்தகம் என்றாள். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. எது மலிவு என்று அவள் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எந்த வழியில் போனால் விட்டுப்போன பழக்கம் திரும்ப வரும் என்றுதான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

உடனே பதில் சொல்லவில்லை. என் நோட்டை எடுத்து வந்தேன். 2016 தொடக்கத்திலிருந்து ஒரு நீளமான கணக்கு நோட்டில் புத்தகத்தின் பெயர், கைக்கு வந்த வழி, தொடங்கிய தேதி, முடித்த தேதி நான்கையும் எழுதி வருகிறேன். அவளோடு உட்கார்ந்து கடைசி இரண்டு ஆண்டுகளை எண்ணினேன். விலை கொடுத்து வாங்கியவை 31, முடித்தவை 12. நூலகத்தில் எடுத்தவை 38, முடித்தவை 29. மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலில் தொடங்கியவை 17, முடித்தவை 6. எண்ணி முடிக்கும்வரை எனக்கே இது தெரியாது. நூலகப் புத்தகங்கள் மற்றவற்றைவிட நல்ல புத்தகங்கள் என்று சொல்ல முடியாது. ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்து வாங்கியவைதான் முடிக்காமல் கிடக்கின்றன. வேறுபாடு ஒன்றே ஒன்று. நூலகப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு தேதி குத்தியிருக்கிறது.

வாங்கிய புத்தகம் காத்திருக்கும். அடுத்த வாரம் படிக்கலாம், தீபாவளி விடுமுறையில் படிக்கலாம் என்று நாம் சொல்வதற்கெல்லாம் அது இணங்கும். வீட்டு வேலை, அலுவலகம், உறவினர் கல்யாணம் எதுவும் அப்படிக் காத்திருக்காது. ஆகவே காத்திருக்கத் தெரிந்தது கடைசிக்குப் போகிறது. இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் மற்ற எல்லா வழிகளையும் அவளுக்காக எடைபோட்டுப் பார்த்தேன்.

முதலில் புதுப் புத்தகம் வாங்குவது. இன்று தமிழ்ப் புத்தகம் பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கைத் தாண்டிவிட்டது. 500 ரூபாய்க்கு ஒரு நடுத்தர நாவல் வரும், கூட ஒரு சிறிய கவிதைத் தொகுப்பு வந்தால் உண்டு. ஆனாலும் வாங்கவே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. இன்று எழுதுகிறவர்களின் புத்தகத்தை இன்று யாராவது காசு கொடுத்து வாங்கினால்தான் அடுத்த புத்தகம் அச்சுக்குப் போகும். நான் கேட்கச் சொல்வது, எப்போது வாங்குவது என்பதை. நான் வைத்திருக்கும் வழக்கம் இது: நூலகத்தில் எடுத்துப் படித்துத் திருப்பிக் கொடுத்த பிறகும் எந்தப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை மனம் தேடுகிறதோ, அதை வாங்குவேன். உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தது. இரவல் வாங்கிப் படித்தபோது, ஏட்டுச்சுவடி தேடி அவர் ஊர் ஊராக நடந்த பகுதிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முதலிலிருந்து படிக்கிறேன். 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்து, 1942-இல் அவர் மறைந்ததோடு நின்றுபோன தொடர் அது. வாரத் தொடராக எழுதப்பட்டதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு ரயில் பயணத்துக்குள் அடங்கும். தாம்பரம்–கடற்கரை ரயிலில் பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தால் எழும்பூர் வருவதற்குள் இரண்டு அத்தியாயம் முடியும்.

இடம் என்று ஒன்று இருக்கிறது. 2015 டிசம்பரில் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் போனபோது அலமாரியின் கீழ் இரண்டு தட்டுப் புத்தகங்களும் ஊறிப் பெருத்து, ஒன்றோடொன்று இறுகி, இழுத்தால் வராதபடி நின்றன. என் கணவர் தட்டையே கழற்றித்தான் வெளியே எடுத்தார். அப்பா கையெழுத்துப் போட்டுத் தந்த புத்தகங்கள் அதில் போயின. என்னென்ன போயின என்று பட்டியல் போடக்கூட முடியாமல் தவித்ததால்தான் அடுத்த மாதம் இந்த நோட்டைத் தொடங்கினேன். வெள்ளம் வராவிட்டாலும் சென்னையின் ஈரக்காற்றுக்கு இராமபாணப் பூச்சி வரும், தரையோரம் கரையான் வரும். வாடகை வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு முறை வீடு மாற்றும்போதும் புத்தகப் பெட்டியின் எடையைச் சுமக்க வேண்டும். பாதி அலமாரியில் வாழும் பெண்ணுக்கு நிறைய வாங்கு என்று நான் எப்படிச் சொல்வேன்?

இனி நூலகம். பலர் இதைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக இந்த ஊரில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கட்டுகிறார்கள். வாடகையில் இருப்பவர்களும் வாடகை வழியாக அதில் பங்கு கொடுக்கிறோம். விடுதலைக்குப் பின் இந்தியாவிலேயே முதலாவதாக 1948-இல் சென்னை மாகாணம் நிறைவேற்றிய பொது நூலகச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு அது. அந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டு பாடுபட்டவர் எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் அவர் வகுத்து வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பது. என் அலமாரியில் முடிக்காமல் நிற்கும் பத்தொன்பது புத்தகங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விதி நினைவுக்கு வருகிறது.

கிளை நூலகத்தில் சேர ஒரு விண்ணப்பம், முகவரிச் சான்று, சிறிய முன்பணம், அதைவிடச் சிறிய ஆண்டுக் கட்டணம் போதும். இரண்டு வாரத்துக்குப் புத்தகம் கையில் இருக்கும். குறைகளையும் அவளிடம் மறைக்கவில்லை. புதுப் புத்தகத்துக்கு நூலக ஆணை, அதாவது நூலகங்களுக்கு வாங்கும் அரசின் உத்தரவு, கிடைத்து, அதற்கான பிரதிகள் அச்சாகி, கிளைக்கு வந்து சேர நாளாகும். பேசப்படும் நாவலை அதே மாதம் அங்கே எதிர்பார்க்க முடியாது. நான் போகும் கிளையில் அடுக்கு வரிசை அடிக்கடி கலைந்திருக்கும். சமையல் புத்தகத்துக்கும் சோதிடத்துக்கும் நடுவில் ஒரு நல்ல சிறுகதைத் தொகுப்பைக் கண்டெடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை விடுமுறை. பல பாகங்கள் கொண்ட நாவல் என்றால் நடுவில் ஒரு பாகம் இருக்கவே இருக்காது. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தில் மூன்றாம் பாகத்துக்காக நான் இரண்டு மாதம் காத்திருந்தேன். கடைசியில், தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் இணையப் பக்கத்தில் அந்தப் பாகத்தை மட்டும் செல்பேசியில் படித்துவிட்டு, நான்காம் பாகத்துக்கு மறுபடி தாளுக்கு வந்தேன். ஒரே நாவலை இரண்டு வழியில் படித்தது அதுதான் முதல் முறை. எந்தக் குறையும் தோன்றவில்லை.

பெரிய நூலகங்களுக்கு வேறு பயன். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் திருவான்மியூரிலிருந்து பறக்கும் ரயிலில் மூன்றாவது நிலையம். ஒன்பது தளங்களில் தமிழ்ப் புத்தகங்களுக்கு ஒரு தளம் தனியாக இருக்கிறது. அதைவிட அவளுக்கு உதவக்கூடியது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்க அங்கே இருக்கும் இடம். இருவர் தங்கும் விடுதி அறையில் ஒருத்தி வீட்டாரோடு போனில் பேசிக்கொண்டிருக்க மற்றவள் எப்படிப் படிப்பாள்? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். ஞாயிறு போவதானால் சீக்கிரம் கிளம்ப வேண்டும். குழந்தை வைத்திருப்பவர்கள் முதல் தளத்துக்கே போகலாம். உள்ளே ஒரு பெரிய செயற்கை மரத்தடியில் பிள்ளைகள் படிக்கும் காட்சியைப் பார்த்தால் நமக்கும் ஒரு புத்தகம் எடுக்கத் தோன்றும்.

எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் கன்னிமாரா 1896-இல் திறந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி வந்து சேரவேண்டிய நூலகங்களில் ஒன்று. மறுபதிப்பு காணாத ஒரு பழைய புத்தகம் எங்குமே கிடைக்கவில்லை என்றால் அங்கே போய்க் கேட்கலாம். தினசரி வாசிப்புக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகரில் உ. வே. சா. நூலகம் இரண்டும் அவள் விடுதிக்குப் பக்கம்தான். ஏதாவது ஒன்றை ஆழமாகத் தோண்ட நினைக்கும் நாள் வந்தால் அவை இருக்கின்றன.

முன்பு தெருவுக்குத் தெரு இருந்த வாடகை நூலகங்களைப் பற்றியும் கேட்டாள். வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருப்பார்கள், ஓவியங்களும் சேர்ந்தே இருக்கும். என் அம்மா அப்படித்தான் படித்தாள். இன்று தேடினால் சில மட்டுமே கிடைக்கும். அவளுக்கு அது வசதிப்படாது.

பழைய புத்தகக் கடைகளைப் பற்றிப் பேச எனக்கு ஒரு நாள் வேண்டும். மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தபின் அங்கிருந்த கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. திருவல்லிக்கேணி பாரதி சாலையில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் விரித்திருப்பார்கள். மயிலாப்பூர் லஸ் பக்கமும் உண்டு. பொறியியல் பாடநூல்களுக்கும் ஆங்கில நாவல்களுக்கும் அடியில்தான் தமிழ் இருக்கும், குனிந்து தேட வேண்டும். எடுத்தவுடன் விலை கேட்காதே என்று அவளிடம் சொன்னேன். முதலில் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார். பிறகு நடுவில் பக்க எண் தாவுகிறதா, சேர்த்துத் தைத்த ஒரு பக்கக் கட்டே (அச்சுக்காரர்கள் பாரம் என்பார்கள்) விட்டுப் போயிருக்கிறதா என்று புரட்டு. பழுப்பேறிய ஒரு தாளின் நுனியை மெல்ல மடித்துப் பார். ஒடிந்தால், அந்தப் புத்தகம் ஒரு முறை படிக்கத் தாங்கும், இரண்டாம் முறைக்குத் தாங்காது. ஊசித்துளை போல் ஓட்டைகள் முதல் அட்டையிலிருந்து கடைசி வரை போனால் அதை வீட்டுக்குக் கொண்டுவராதே, மற்ற புத்தகங்களுக்கும் பரவும். இவ்வளவும் பார்த்தபின் விலை கேள், பாதியில் தொடங்கிப் பேசு. முதல் பக்கத்தில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து எழுதித் தந்திருப்பார்கள். அந்தப் பக்கத்தை நான் கிழிப்பதில்லை.

ஆனால் என் நோட்டின் கணக்கு இங்கேயும் பேசுகிறது. பழைய புத்தகத்தை இன்று விட்டால் நாளை இருக்காது, அதனால் கை தானாக வாங்கிவிடுகிறது. அவசரம் அத்தனையும் வாங்குவதில் தீர்ந்துபோய், வீட்டுக்கு வந்ததும் அதுவும் காத்திருக்கும் புத்தகமாகிவிடுகிறது. முடிக்காத பத்தொன்பதில் எட்டு இப்படி வந்தவை. தேடிக்கொண்டிருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய், அதில் இருப்பதை மட்டும் வாங்கினால் இந்த வழியும் நல்ல வழி.

கிண்டில் அவள் மனதில் ஏற்கெனவே பாதி முடிவாகியிருந்தது. அதன் நன்மைகள் உண்மையானவை. அதன் மின்மை (e-ink) திரை செல்பேசித் திரைபோல் கண்ணை நோக்கி ஒளியை வீசுவதில்லை, தாளைப்போல் வெளிச்சத்தைத் திருப்பித்தான் தருகிறது. பக்கம் திரும்பும்போதே மின்சாரம் செலவாவதால் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கலாம். 2016 இறுதியிலிருந்து தமிழ்ப் புத்தகங்கள் அதில் கிடைக்கின்றன. பாதி அலமாரிக்காரிக்கு இதைவிட வசதி என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும்.

கருவியின் விலை பத்தாயிரத்துக்கு மேல். மாதம் 500 என்றால் முதல் இருபது மாதப் பணம், ஒரு புத்தகமும் படிக்குமுன் போய்விடும். தமிழில் எனக்கு வேண்டிய புத்தகங்களில் பல இன்னும் மின்னூலாக வரவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் அவை பக்கங்களைப் படம் பிடித்தவை. ஆறு அங்குலத் திரையில் ஒவ்வொரு வரியையும் பெரிதாக்கி நகர்த்திப் படிக்க வேண்டியிருக்கும், கணினியில் படிப்பதே மேல். படித்து முடித்ததை அடுத்தவருக்குக் கொடுக்கவும் முடியாது. என் மாமியார் நான் முடித்த புத்தகத்தைக் கேட்டபோது கருவியையே கொடுத்தேன். ஒரு வாரம் எனக்குப் படிக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் மேல், பதினேழில் ஆறு என்ற அந்தக் கணக்கு. ஒரு புத்தகம் சற்று இறுகினால் விரல் அடுத்ததற்குப் போய்விடுகிறது. பழக்கம் கைவந்தவர்களுக்கு அது நல்ல கருவி. பழக்கத்தைத் திரும்பப் பிடிக்கப் பார்ப்பவளுக்கு நான் சொல்லமாட்டேன்.

இரவு எட்டரைக்கு மேல் கண் கூசுகிறவர்கள், கண்புரை அறுவைக்குப் பின் சிறிய எழுத்து பிடிபடாதவர்கள் என்றால் என் பதில் மாறும். அவர்களுக்குக் கிண்டில்தான் முதலில். என் அம்மாவுக்கு அதுதான் வாங்கிக் கொடுத்தோம்.

ஒலிப்புத்தகம் அவளுடைய ஒரு சிக்கலைத் தீர்க்கிறது. சிறுசேரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போகவே ஐம்பது நிமிடம். பஸ்ஸில் படித்தால் தலை சுற்றுகிறது என்றாள். கண் அசையாத எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு வண்டியின் ஆட்டத்தை உணர்வதால் வரும் தடுமாற்றம் அது. எத்தனை நாள் பழகினாலும் சிலருக்குப் போகாது. கேட்கலாம். கதை ஓட்டமுள்ள நாவலுக்கு அது பொருந்தும். கவிதையையும் கட்டுரையையும் நான் காதில் முயன்று விட்டுவிட்டேன், நின்று ஒரு வரியைத் திரும்பப் பார்க்க முடியவில்லை.

நேரத்தைப் பற்றியும் பேசினோம். எனக்கு ஒரு நாளில் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் கிடைத்ததே இல்லை. காலை குக்கரில் மூன்று விசில் வரும்வரை ஐந்து பக்கம், ரயிலில் இருபது, படுக்கும் முன் பத்து. அடுப்பருகே படிக்க நூலகப் புத்தகம் ஆகாது, எண்ணெய்க் கை பட்டால் அடுத்தவருக்குச் செய்யும் தப்பு. அதற்கு என் சொந்தப் பிரதி ஒன்று ஜன்னலில் இருக்கும், பெரும்பாலும் சிறுகதைகள். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலும் பல ஆண்டு அங்கேதான் இருந்தது. மெட்ரோ தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றிருக்கும் எந்தச் சென்னைப் பெண்ணும் அதைத் தன் வீட்டுக் கதையாகப் படிப்பாள்.

அவளுக்கு நான் சொன்ன ஏற்பாடு இது. விடுதிக்கு அருகிலிருக்கும் கிளை நூலகத்தில் உடனே சேர். ஒரு முறைக்கு ஒரே ஒரு புத்தகம் எடு, 200 பக்கத்துக்கு மேல் வேண்டாம். பஸ்ஸில் கேள், அறையில் படி, மாதம் ஒரு ஞாயிறு கோட்டூர்புரம் போ. 500 ரூபாயைச் செலவழிக்காமல் சேர்த்து வை. நூலகத்தில் படித்தவற்றில் எவை உன்னோடு இருக்க வேண்டும் என்பதை எழுதிக்கொண்டே வா. ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி வரும், 1977-இல் தொடங்கியது, வழக்கமாகப் பத்து சதவீதம் கழிவு உண்டு. அந்தப் பட்டியலோடு போய் பத்துப் புத்தகம் வாங்கு. உன் பாதி அலமாரி அதைத் தாங்கும். ஓர் ஆண்டில் பதினைந்து புத்தகம் முடித்திருந்தால் அப்புறம் கிண்டிலைப் பற்றிப் பேசலாம். அவளுக்கு முழுச் சம்மதமில்லை. “நூலகத்துல எனக்குப் பிடிச்சது இருக்குமா அத்தை?” என்றாள். போய்ப் பார் என்றேன்.

நேற்று இரவு போன் வந்தது. பின்னால் விடுதியின் சாப்பாட்டு மணி கேட்டது. “அத்தை, புஸ்தகத்துல போட்டிருக்கிற தேதி வெள்ளிக்கிழமை. அன்னைக்கு லீவாம்ல. சனிக்கிழமை காலையில குடுத்தாப் போதும்தானே? இன்னும் நாற்பது பக்கம் இருக்கு.”